திமிங்கிலம் தீந்துபோச்சு

பசங்களா, நான் துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். கம்ப்யூட்டரைப் பற்றி நான் எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு திமிங்கிலம்.

என் மனைவி காசிமேட்டில் மீன் எடுத்து எம்.கே.பி. நகரில் விற்கிறாள். செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டிய பிறகுதான் விலையே பேசுவாள். பொய் சொல்லாதவள் என்ற பேர்தான் அவளுக்குக் கைமுதல். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று விசைப்படகுகளைக் கடலுக்கு விடாத தடைக்காலம் அது. வியாபாரம் படுத்துவிட்டது. படகு திரும்புகிற அன்றைக்கு வாடிக்கைக்காரர்கள் வேறு கூடைக்குப் போய்விடுவார்களோ என்று அவளுக்குக் கவலை.

காலேஜில் படிக்கிற என் பொண்ணு ஒரு வழி சொன்னாள். அம்மா போனில் தட்டினால் எல்லா வாடிக்கைக்கும் ஒரே நேரத்தில் மெசேஜ் போகும். அதற்கு நாம் கம்ப்யூட்டர் வாங்கி ஓட விட வேண்டாம். எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டர், கூப்பிட்டால் எழுந்து, வேலையை முடித்துவிட்டுத் திரும்பத் தூங்கிவிடும். ஷேர் ஆட்டோ மாதிரி, ஏறி உட்கார்ந்தால் மட்டும் நம்ம வண்டி. சர்வர்லெஸ் ஃபங்ஷன் என்று பேராம். யாருக்கு அனுப்பணும், என்ன அனுப்பணும் என்பதெல்லாம் செட்டிங்ஸ் ஃபைல் என்ற சின்ன ஃபைலில் இருக்கும். டெஸ்டுக்கு ஒன்று, நிஜத்துக்கு ஒன்று. டெஸ்ட் ஃபைலில் எங்கள் வீட்டு நம்பர்கள் மட்டும்.

டெஸ்ட் மெசேஜ் எழுதுகிற வேலையை எனக்குக் கொடுத்தாள். வஞ்சிரம் என்று போட்டால் ஒரு சுவாரசியமும் இல்லை. "திமிங்கிலம் வந்துகீது. துண்டு போட்டுத் தரப்படும்" என்று போட்டேன்.

பொண்ணு குளிக்கப் போயிருந்தபோது மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். அவள் கண் நம்பர்கள் மேல்தான் போனது.

"இன்னாய்யா, நம்ம வூட்டு நம்பர் மட்டும் கீது?"

"இது சும்மா டெஸ்டுக்கு."

"நாலு பேருக்குச் சொல்லிட்டு மத்தவங்கள வுட்டா, எனக்கு மட்டும் ஏன் சொல்லலன்னு நடுரோட்டுல நிக்க வெச்சி கேப்பாங்க. எல்லாரையும் போடு."

அவள் தொழிலில் அதுதான் சட்டம். அவள் படிக்கப் படிக்க எல்லா நம்பரையும் அடித்தேன். கன்டெய்னரை இழுக்கிறவனுக்கும் வீட்டில் எதிர்த்துப் பேச தைரியம் வருவதில்லை. பொண்ணு தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள், ஃபைலைப் பார்க்காமல் டெஸ்டைத் தட்டிவிட்டாள்.

மனைவியின் போன் அடங்கவே இல்லை. "அக்கா, வாலு பக்கமா ரெண்டு துண்டு எட்த்து வை." "தலை கொழம்புக்கு ஆவுமா? அண்டா இல்ல, தண்ணி டேங்க் கீது." ரிட்டையரான ரயில்வேக்காரர் ஒருத்தர், "செவுளு சிவப்பா கீதா அக்கா?" என்று கேட்டிருந்தார். திமிங்கிலத்துக்குச் செவுளே கிடையாது பசங்களா. அவருக்கும் அது தெரியும்.

"யாரு நம்பர் சேத்தது?" என்றாள் பொண்ணு. நாங்கள் இரண்டு பேரும் ஃபேனைப் பார்த்தோம்.

பிறகு மனைவி கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். "இனிமே நெசமாவே வஞ்சிரம் வந்தாலும் சிரிப்பாங்க. ஒருத்தரும் வர மாட்டாங்க." எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

படகுகள் திரும்பின. காசிமேட்டு ஏலத்தில் வஞ்சிரம் எடுத்துக் கூடையில் அடுக்கினாள். பொண்ணு நிஜ ஃபைலைத் திறந்து, "என்ன போடட்டும்மா?" என்று போனில் கேட்டாள்.

"நான் சொல்றத அப்டியே போடு. திமிங்கிலம் தீந்துபோச்சு. வஞ்சிரம்தான் கீது. செவுளப் பாத்துட்டு வாங்கு."

அன்று லீவு போட்டுவிட்டு நானும் கூடவே போனேன். ஆட்டோ எம்.கே.பி. நகரில் திரும்பும்போதே தெருமுனையில் பாத்திரமும் கையுமாகக் கூட்டம். ரயில்வேக்காரர்தான் முதலில். செவுளைத் தூக்கி நிதானமாகப் பார்த்தார், தலையாட்டினார்.

"மெய்யாலுமே தீந்துபோச்சா அக்கா? ஐஸ்ல எதுனா ஒளிச்சி வெச்சிக்கிறியா?"

மனைவி மீனை வெட்டிக்கொண்டே, "உனுக்கு வோணும்னா சொல்லு நைனா," என்றாள். "எங்க வூட்டுக்காரர இன்னொரு டெஸ்ட் பண்ணச் சொல்றேன்."