ஏட்டில் இல்லாத செயலாளர்

தணிகை சகோதரர் சங்கத்துக்குத் தலைமையிடம் திருத்தணி. அதன்கீழ் ஐந்து கிளைகள். நகரியிலும் ஒன்று உண்டு, அங்கிருந்து நடவடிக்கைக் குறிப்பு தெலுங்கில் வரும். கூட்டத்துக்குள் நைனா, பாவா என்று உறவுமுறை சொல்லி அழைப்பது கிடையாது, எல்லாரும் ‘சகோதரர்’தான். ஏழு உறுப்பினர்கள் இருக்கும்வரைதான் ஒரு கிளைக்குச் சாசனம். குறைந்தால், சுவரில் மாட்டிய சாசனத்தைக் கழற்றித் திருத்தணியில் ஒப்படைக்க வேண்டும். யார் உறுப்பினர் என்பதற்கு ஒரே சாட்சி, தலைமைச் சங்கத்தின் சேர்க்கை ஏடு.

இருபத்தொன்பது ஆண்டுகளாக அந்த ஏட்டைக் காத்து வந்தவர் செயலாளர் க. ராஜமாணிக்கம், ஓய்வுபெற்ற பள்ளி எழுத்தர். இந்த ஏப்ரலில் அம்மையார்குப்பம் கிளையில் இரண்டு பேர் இறந்துபோக, எண்ணிக்கை சரியாக ஏழில் நின்றது. அதனால் பெயர் பெயராக ஒத்துப்பார்த்தார். விசைத்தறி ஓட்டும் சந்திரமோகன் பெயர் ஏட்டில் இல்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கிளையில் உறுதிமொழி எடுத்திருக்கிறான். பெயர் எழுதத் திருத்தணிக்கு வரவேண்டிய நாளில் தறியை விட்டு வர முடியவில்லை. பிறகு எல்லாரும் மறந்துபோனார்கள். ஆக, ஆறு பேர். ஞாயிற்றுக்கிழமை சாசனத்துடன் வரும்படி கடிதம் அனுப்பினார்.

கிளைத் தலைவர் பரந்தாமன் கடிதத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ஒம்பது வருசமா எங்ககூட குந்திகினு இருக்கான் நைனா. நீங்களும் பாத்துகினுதானே இருந்தீங்க?”

“பாத்தது செல்லாது பரந்தாமா. எழுதனதுதான் செல்லும்.”

செருப்பை மாட்டிக்கொண்டே பரந்தாமன் கேட்டார்: “உங்க பேரு எந்தப் பக்கத்துல கீது நைனா?”

அவர் போனபின், பக்க எண்ணைக் குறித்து அனுப்பலாம் என்று ராஜமாணிக்கம் ஏட்டைப் பிரித்தார். 17.7.1994. அன்று சேர்ந்தவர்கள் எட்டுப் பேர். பக்கத்தில் இருந்தவை ஏழு பெயர்கள், ஏழும் அவர் கையெழுத்தில். அப்போதைய செயலாளருக்குக் கண் அறுவை நடந்திருந்தது. எழுத்து அழகாயிருக்கிறது என்று இவரிடமே பேனாவைக் கொடுத்தார். ஒவ்வொருவரும் உறுதிமொழி எடுக்க எடுக்க எழுதினார். கடைசியாக, பேனாவை மூடி வைத்துவிட்டுத் தாம் உறுதிமொழி எடுக்க எழுந்துபோனார். திரும்பி வந்து ஏட்டையும் மூடிவிட்டார்.

முன்பக்கம், பின்பக்கம், அடுத்த ஆண்டு என்று மூன்று முறை புரட்டினார். மாத்திரை கொண்டுவந்த மனைவி அம்சா என்னவென்று கேட்டாள்.

“நான் சங்கத்துல உறுப்பினரே இல்ல.”

அவள் மாத்திரையை ஏட்டின்மேல் வைத்தாள். “அப்போ முப்பத்தோரு வருசமா ஞாயித்துக்கெழமன்னா எங்க போய்கினு இருந்தீங்க?”

எட்டாவது வரி காலியாகத்தான் இருந்தது. எழுத்தும் அவருடையதுதான். பேனாவை எடுத்தார். அந்தத் தாளில் இன்றைய மை நீலமாகத் தனித்துத் தெரியும் என்று முதலில் தோன்றியது. சந்திரமோகன் விஷயத்தில் பரந்தாமனுக்குச் சொன்ன பதில் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. பேனாவைக் கீழே வைத்தார். அதன்பின் அதைத் தொடவே பயமாயிருந்தது.

ஞாயிறு, 27.4.2025. தம் பெயர் இல்லாததை ஒரு சீட்டில் எழுதி, ஏட்டோடு உள்ளே கொடுத்தனுப்பிவிட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். வாயில்காப்பாளர் வழிவிட்டும் நுழையவில்லை. உறுப்பினரல்லாதவர்கள் காத்திருக்கும் வெளி பெஞ்சில் சந்திரமோகன் உட்கார்ந்திருந்தான். இவரைக் கண்டதும் எழப்போனான். இவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்துச் சங்கத் தலைவர் இளங்கோவன் வெளியே வந்தார். ராஜமாணிக்கம் செயலாளராகக் கையெழுத்திட்ட இருபத்தொன்பது ஆண்டுத் தீர்மானங்களையும் பேரவைதான் உறுதிசெய்ய வேண்டும், அதுவரை ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார்.

“அம்மையார்குப்பம் லெட்டரு?” என்றார் ராஜமாணிக்கம்.

“யாரோ ஒரு வெளியாளு எழுதன லெட்டர வெச்சி சாசனத்த வாங்க முடியுங்களா?”

புதிய உறுப்பினரை இருவர் முன்மொழிய வேண்டும். பரந்தாமனும் அவர் கிளைக்காரர் ஒருவரும் வெளியில் இருந்த இருவரையும் சேர்த்தே முன்மொழிந்தார்கள். உறுதிமொழி முடிந்ததும் பழக்கத்தில் எல்லாரும் பேனாவை ராஜமாணிக்கத்திடம் நீட்டினார்கள். அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வேற யாராச்சும் எழுதுங்க. மொதல்ல சந்திரமோகன்.”

பரந்தாமன் எழுதினார். இரண்டாவது பெயரை எழுதி நிமிர்ந்தபோது ராஜமாணிக்கம் இன்னும் ஏட்டின்மேல் குனிந்தே இருந்தார்.

“இனிஷியல் உட்டுட்டீங்க, சகோதரர்,” என்றார்.