சுவர் மட்டும் தெளிவாக

எடுத்த படத்தில் முதலில் கண்ணில் பட்டது பின்னால் இருந்த சுவர். அதிலிருந்த பள்ளிக்கூடத்தின் பெயரை எழுத்தெழுத்தாக வாசிக்க முடிந்தது.

முதலாவதாக ஓடி வந்த ஷாமினிக்குத்தான் முகமே இல்லை.

இன்று மாத்தளையில், நான் பாதியில் விட்ட பள்ளிக்கூடத்தில் இல்லங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி. நான் வேலை பழகும் ஸ்டூடியோவின் அண்ணாவோடு படம் எடுக்கப் போயிருந்தேன்.

"லென்ஸ்ல நடுக்கம் தடுக்கிற சுவிட்ச் போட்டிருக்கேன் தங்கச்சி. நீ சும்மா அமுக்கு," என்றிருந்தார்.

படத்தைப் பார்த்ததும், "ஒன் கை நடுங்கிருச்சு," என்றார்.

கை நடுங்கியிருந்தால் சுவரும் கலங்கியிருக்கும். அந்தச் சுவிட்ச் என் கையைத்தான் பிடிக்கும், ஓடுகிறவளைப் பிடிக்காது.

முன்பு என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த ஷாமினி எட்டிப் பார்த்தாள்.

"படிப்புதான் வரலன்னு நெனச்சேன். இதுவுமாடி?"

எல்லோரும் சிரித்தார்கள்.

ஓடுகிறவளும் கலங்காமல் விழ ஷட்டர் வேகத்தைக் கூட்டிவிட்டு, அடுத்த ஓட்டத்துக்கு முடிவுக் கோட்டருகே போய் நின்றேன்.