விளக்கு வைக்கும் நேரமும் வளைந்த வால் பூனையும்

பிள்ளைகளே, ஒரு பூனையை வீட்டுக்குக் கொண்டு வருவது சுலபமான வேலை என்று நான் நினைத்திருந்தேன். போனோம், பார்த்தோம், தூக்கிக்கொண்டு வந்தோம் என்று முடிந்துவிடும் என நம்பித்தான் என் மகளுக்குச் சரி என்று தலையாட்டினேன். யோசிக்காமல் தலையாட்டுவது எனக்கு நன்றாக வரும்.

எங்கள் வீடு மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் என்கிற குடியிருப்பில், வரிசை வீடுகளில் ஒன்று. நான் குருணில் ஒரு தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிறேன். வீட்டில் நான், என் மனைவி, ஐந்தாம் ஆண்டு படிக்கும் மகள், முதலாம் ஆண்டு படிக்கும் மகன், ஆக நான்கு பேர். பூனை கேட்டவள் மகள். அவள் அதிகம் பேசாத பிள்ளை. பேசாத பிள்ளை ஒன்றைக் கேட்டால் மறுக்க முடியாது. மகன் தினமும் பத்துக் கேட்பான், பத்தையும் மறுத்துவிடலாம்.

கரங்கானுக்குப் பக்கத்தில் ஓர் அக்கா, வேலை ஓய்வு பெற்ற தாதி, கைவிடப்பட்ட பூனைகளைத் தன் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு வளர்த்து, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு பேரும் காரில் ஏறினோம்.

"நான் சும்மா பார்க்கத்தான் வர்றேன். எடுக்க இல்ல," என்றாள் என் மனைவி. சும்மா பார்க்க வருகிறவள் எதற்காகப் புதுத் துணிப்பை ஒன்றை மடித்து மடியில் வைத்திருந்தாள் என்று நான் கேட்கவில்லை. குடும்பம் நிம்மதியாக இருக்க வேண்டாமா?

கொட்டகைக்குள் போனதும் குட்டிப் பூனைகள் என் கால்சட்டையைப் பிடித்து ஏறத் தொடங்கின. மகன் புசுபுசுவென்ற வெள்ளைப் பூனை ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். எனக்கு எலி பிடிக்கிற பூனையாக இருந்தால் போதும். எங்கள் அடுப்படியில் ஓர் எலி இருக்கிறது, அது எங்களுக்கு முன்பே குடிவந்தது போல நடந்துகொள்ளும்.

"அக்கா, இதுல எது எலி பிடிக்கும்?" என்று கேட்டேன்.

அக்கா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "தம்பி, உங்களுக்குப் பூனை வேணுமா, வேலைக்கு ஆள் வேணுமா?"

நான் குனிந்து கால்சட்டையில் ஏறிய குட்டிகளைப் பிரித்தெடுக்கத் தொடங்கினேன்.

மகள் மட்டும் கடைசிக் கூண்டுக்கு முன்னால் குந்தியிருந்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் வரி போட்ட, வளர்ந்த பூனை ஒன்று. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. வாலின் நுனி கொக்கி மாதிரி வளைந்திருந்தது. முகம் எப்படி இருக்கும் என்றே தெரியவில்லை.

"அது மொகத்தக் காட்டாது கண்ணு," என்றார் அக்கா. "ரெண்டு வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்துருச்சு. ரெண்டு தடவையும் மொத வாரத்துலயே, கதவு தொறந்திருந்தப்ப ஓடிருச்சு. ரெண்டாவது தடவ ஆறு நாள் கழிச்சு செம்பனைக் காட்டோரமா நாந்தான் கண்டுபிடிச்சேன். எலும்பும் தோலுமா."

"அப்ப அதுக்கு யார் வீட்டுக்கும் போக இஷ்டமில்ல போல. விட்டுருவோம்லா," என்றாள் மனைவி.

"இஷ்டம் இல்லாம இல்லம்மா. பயம்," என்றாள் மகள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மொத நாள் ஸ்கூல்ல நானும் இப்படித்தான் செவுத்தப் பார்த்து உக்காந்திருந்தேன்."

உண்மைதான். முதலாம் ஆண்டில் முதல் வாரம் முழுக்க அவள் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று ஆசிரியை எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் மனைவியைப் பார்த்தேன். மகன் வெள்ளைப் பூனையை மெல்லக் கீழே இறக்கினான். அவனுக்கு இரண்டு இடத்தில் கீறலும் விழுந்திருந்தது, அதனால் பெருந்தன்மை சீக்கிரம் வந்துவிட்டது.

அக்கா ஒரு விண்ணப்பப் பாரம் கொடுத்தார். எழுதி முடித்ததும், "வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்க வீட்டுக்கு வந்து பார்ப்பேன். பார்த்துட்டுத்தான் கொடுப்பேனா இல்லையான்னு சொல்வேன். இந்தப் பூனைய மூணாவது தடவ அலைய விட மாட்டேன்," என்றார்.

காரில் ஏறியதும் மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. "நம்ம வீட்டப் பார்க்க வர்றாங்களா?"

பூனை வேண்டாம் என்றவள்தான். ஆனால், வீடு சரியில்லை என்று ஒருத்தர் சொல்லிவிடக் கூடாதே! திங்கள் முதல் வியாழன் வரை எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக உட்காரவில்லை. திரைச்சீலை துவைத்தாயிற்று. காற்றாடி இறக்கைகளைத் துடைத்தாயிற்று. நான் வேலை முடிந்து வந்ததும் சப்பாத்தை எங்கே கழற்றுவது என்று புதுச் சட்டம் வந்தது. மகனின் தலையைக்கூட ஒட்ட வெட்டிக் கொண்டு வந்தோம். பூனை பார்க்க வருகிறவர்கள் அவன் தலையையா பார்ப்பார்கள் என்று கேட்டுத் திட்டு வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. வாசலில் கோலம். அடுப்பில் வடை. ஏழு மணி வாக்கில் மனைவி சாமி மேடையில் விளக்கேற்றினாள். இரும்பு கிரில் கதவையும் மரக் கதவையும் விரியத் திறந்து வைத்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் லட்சுமி வீட்டுக்குள் வருவாள், அப்போது முன்வாசல் மூடியிருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் மாறாத வழக்கம். மழை பெய்தாலும் கதவு திறந்துதான் இருக்கும். சாரலில் நனைவது நானாகத்தான் இருக்கும்.

சரியாக அந்த நேரத்தில் அக்கா வந்து இறங்கினார். கையில் கோப்பு. கிறிஸ்துவர் என்றாலும் விளக்கைப் பார்த்ததும் சப்பாத்தைத் தள்ளி ஓரமாகவே கழற்றி வைத்தார். உட்கார்ந்தார். வடை சாப்பிட்டார். வீடு சுத்தமாக இருக்கிறது என்றார். மனைவியின் முகம் விளக்கைவிடப் பிரகாசமாக எரிந்தது.

"கதவு எப்பவும் இப்படித்தான் தொறந்திருக்குமாம்மா?" என்று கேட்டார் அக்கா.

"ஆமாக்கா!" என்றாள் மனைவி பெருமையாக. "ஏழு மணியானா எங்க வீட்டுக் கதவ மூடினதே இல்ல. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு நாள்கூட மூடினதில்ல. வேணும்னா பக்கத்து வீட்ல கேட்டுப் பாருங்க."

இப்படிச் சாட்சியோடு போய் மாட்டிக்கொண்ட குடும்பம் கெடாவில் வேறு இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. மகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அக்கா கோப்பை மூடிய பிறகுதான் புரிந்தது.

"அப்ப இந்தப் பூனையத் தர முடியாது. குட்டி ஏதாச்சும் வேணும்னா வாங்க, பார்க்கலாம். இதுக்குக் குறைஞ்சது ரெண்டு வாரம் வெளிய போக வழியே இருக்கக் கூடாது. கிரில் இருக்கு, சரி. ஆனா அந்தக் கம்பிக்கு நடுவுல பூனை நடந்தே போயிரும்." பிறகு குரலை இறக்கி, "கோவிச்சுக்காதீங்கம்மா. உங்க சாமி வர்ற வழியிலதானே இது வெளிய ஓடும்?" என்றார்.

மூன்று வடை சாப்பிட்டுவிட்டு இல்லை என்று சொன்னவரை நான் அன்றுதான் பார்த்தேன். ஆனால் அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

மகள் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். "வேற யாரும் அத எடுக்க மாட்டாங்கப்பா," என்று மட்டும் சொன்னாள்.

சாப்பாட்டு மேசையில் மகன்தான் பேச்சைத் தொடங்கினான். "அம்மா, கதவ மூடுனா லட்சுமி பெல் அடிக்க மாட்டாங்களா?"

"வாய மூடிக்கிட்டு சாப்பிடுடா."

"பின் கதவத் தொறந்து வைக்கலாமே?"

"பின்வழியா வர்றதுக்கு அவங்க என்ன அடுப்புக்குக் கேஸ் தோம்பு கொண்டு வர்றவங்களா?"

நான் சிரித்துவிட்டேன். மனைவி சிரிக்கவில்லை. "எனக்கும் அவ மொகத்தப் பார்க்க முடியலங்க. ஆனா கதவ மூடிட்டு எப்படி விளக்கு ஏத்தறது? கை வராது," என்றாள். அப்போதுதான் அவளும் உள்ளுக்குள் தவித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை நான் ஹார்ட்வேர் கடைக்குப் போய்ச் சட்டமும் கம்பி வலையும் கீலும் வாங்கி வந்தேன். கிரில்லுக்கு உள்பக்கம் ஒரு வலைக்கதவு போடலாம் என்று திட்டம். அளவெடுத்தது மகள், பிடித்துக்கொண்டது மகன், சுத்தியலால் விரலில் அடித்துக்கொண்டது நான். முதலில் செய்த கதவு உள்ளே திறந்து சோபாவில் முட்டியது. மாற்றிப் போட்டேன். இரண்டாம் முறை அடியில் ஒரு கை நுழையும் அளவு இடைவெளி. "இதுல நானே போயிருவேன்," என்றான் மகன். மூன்றாம் முறைதான் கதவு கதவு மாதிரி நின்றது. கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும். யாராவது கேட்டால் தரைதான் சாய்ந்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

மனைவி அதன் முன்னால் நெடுநேரம் நின்றாள்.

"கொசுவலைக்குள்ள வர்ற மாதிரி இருக்காதா லட்சுமிக்கு?"

"காத்து வருது. வெளிச்சம் வருது. பக்கத்து வீட்டு மீன் பொரியல் வாசம்கூட வருது. அவங்களுக்கு மட்டும் வழி இல்லையா?"

என் வார்த்தை அவளுக்குப் போதவில்லை. கோவில் ஐயருக்குப் போன் போட்டுக் கேட்டாள். தன் வீட்டிலும் பல வருஷமாக வலைக்கதவுதான், டெங்கிக் கொசுவோடு எந்தச் சாமியும் உள்ளே வர விரும்பாது என்றாராம் அவர். அதற்குப் பிறகு அந்தக் கதவு மனைவியின் யோசனையாக மாறிவிட்டது. நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

அக்காவை மறுபடி வரச் சொல்லிப் போனில் கெஞ்சியது மகள். அவ்வளவு பேச்சு அவள் பேசி நான் கேட்டதில்லை. அக்கா வந்தார், அதுவும் வேண்டுமென்றே ஏழு மணிக்கு. விளக்கு எரிந்தது. மரக் கதவும் கிரில்லும் விரியத் திறந்திருந்தன, வலை மூடியிருந்தது. அக்கா வலையைத் தள்ளிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், கீழே குனிந்து விரலை விட்டுப் பார்த்தார்.

"யார் செஞ்சது? சாய்ஞ்சிருக்கு."

"தரை சாய்ஞ்சிருக்கு ஆண்ட்டி," என்றான் மகன்.

அக்கா சிரித்துவிட்டு, காருக்குப் போய் ஒரு கூண்டைத் தூக்கி வந்தார். பூனையைக் கையோடு கொண்டு வந்திருக்கிறார்! "பதினைஞ்சாவது நாள் வலையத் தொறந்து விடுங்க. தூக்காதீங்க, தொரத்தாதீங்க. அது போறதும் இருக்கறதும் அன்னிக்குத் தெரிஞ்சிரும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் ஐந்து நாள் பூனை சோபாவுக்கு அடியில்தான் இருந்தது. மகள் அதற்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்தாள். பார்த்தால் பயப்படுமாம். ஆறாம் நாள் அது வெளியே வந்து அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. இருவரும் அப்படியே இருந்தார்கள், சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி. அதற்கு என்ன பெயர் என்று கேட்காதீர்கள். நான்கு பேரும் நான்கு பெயர் சொல்லிக் கூப்பிட்டோம், எதற்கும் அது திரும்பவில்லை.

பதினைந்தாம் நாள் மாலை மனைவி விளக்கேற்றிவிட்டு வலைக்கதவில் கை வைத்தாள்.

"வேணாம்மா, இன்னொரு வாரம்," என்றாள் மகள்.

"அக்கா சொன்னத கேக்கணும்," என்று சொல்லித் திறந்துவிட்டாள்.

பூனை எழுந்தது. விளக்கைத் தாண்டி, எங்களைத் தாண்டி, நேராக வாசலுக்குப் போனது. அங்கே நின்று வெளியே பார்த்தது. தெருவில் ஒரு மோட்டார் போனது. அந்தப் பக்கம் செம்பனைக் காடு இருட்டத் தொடங்கியிருந்தது. மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

பூனை வாசற்படியில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது.

"ஏய்! விளக்கு வச்ச நேரத்துல வாசப்படியில உக்காரக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது? எந்திரி, உள்ள வா!" என்றாள் மனைவி, பிள்ளைகளைத் திட்டுகிற அதே குரலில்.

பூனை திரும்பி அவளைப் பார்த்தது. பிறகு எழுந்து, வளைந்த வாலைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, சாமி மேடைக்கு முன்னால் சப்பணம் போட்டிருந்த என் மகனின் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. மகள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதல் முறையாக அதன் முகத்தை நேராகப் பார்த்தாள்.