மார்ட்டினைச் சாகடித்த கதை

ஜுடி டூலி அயர்லாந்திலிருந்து நாடு கடத்தப்பட்டு, கடல்கடந்த கைதிகள் ஊரான ஹோபார்ட்டில் வந்து இறங்கிய அன்றே ஒரு பொய் சொன்னாள். கல்யாணமானவள் என்றால் ஆண்கள் வம்புக்கு வரமாட்டார்கள் என்று கப்பலில் யாரோ ஓதிவிட்டிருந்தார்கள். குமாஸ்தா கேட்டதும், "ஆயிடுச்சுங்க. புருஷன் பேரு மார்ட்டின்" என்று அடித்துவிட்டாள். அவனும் எழுதிக்கொண்டான். ஆடு திருடியவள், கன்னத்தில் மச்சம், கல்யாணமானவள். எங்களைப் போன்ற கைதிப் பெண்களைப் பற்றி அரசாங்கம் தெரிந்து வைத்திருந்தது அவ்வளவுதான். அதிலும் பாதி தப்பு.

சில வருஷம் கழித்து மரம் அறுக்கும் நெட் ஹேக்கெட்டோடு பழகினாள். அவனும் நாடு கடத்தப்பட்டு வந்தவன்தான், தங்கமான மனுஷன். கைதிகள் கல்யாணம் செய்ய கவர்னர் அனுமதி வேண்டும். கேட்டார்கள். இவளுக்குத்தான் ஊரில் புருஷன் இருக்கிறானே என்று மறுத்துவிட்டார்கள். வீட்டு வேலைக்கு வெளியே விட்டிருந்த ஜுடியை, வயிறு தெரிந்ததும் மறுபடி பெண்கள் சிறைக்கே அனுப்பினார்கள். அங்கே துணி துவைக்கும் தொட்டியில் எனக்குப் பக்கத்து இடம் அவளுக்கு.

பெண் குழந்தை பிறந்தது. பால்குடி மறந்ததும் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துவிடுவார்கள். பிரித்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. கல்யாணம் நடந்தால் மட்டும் குழந்தையோடு நெட்டிடம் போய்விடலாம். அன்றைக்குச் சொன்னது பொய் என்றால் தண்டனைதான் கூடும்; மார்ட்டின் செத்தால்தான் வழி.

"இல்லாதவன எப்படிக்கா சாகடிக்கிறது?" என்று ஜுடி அழுதாள்.

"உசுரோட இருந்தவனையே சாகடிச்சிட்டு வந்தவடி நானு. இதெல்லாம் ஒரு வேலையா?" என்றேன்.

அந்த வாரமே வந்த கப்பலில் ஜுடியின் ஊர்க்காரி கேட் மொரான் வந்து சேர்ந்தாள். மார்ட்டின் செத்ததைப் பார்த்தேன் என்று சிறைப் பாதிரியாரிடம் சொல்லச் சொன்னோம்.

"பைபிள் மேல பொய்ச் சத்தியமா? நரகத்துக்குத்தான் போவேன்."

"இப்ப எங்க இருக்கேன்னு நெனச்ச?" என்றேன்.

ஜுடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா எப்படி இருக்கா?" என்று கேட்டாள்.

"மொதல்ல இந்த வேலைய முடிப்போம்" என்றாள் கேட்.

பாதிரியார் லேசுப்பட்டவர் அல்ல. நான் குழந்தையை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். ஜுடியும் கேட்டும் அவர் முன்னால் நின்றார்கள்.

"எப்படிச் செத்தான்?" என்றார்.

"வயல்ல உருளைக்கெழங்கெல்லாம் அழுகிப்போச்சு சாமி. பசிதான். சவப்பொட்டி கெடைக்கல, வைக்கோல்ல சுத்தித் தூக்கிட்டுப் போனோம்." கேட்டின் குரல் திடீரென்று உடைந்தது. "கடைசி வரைக்கும் கதவைச் சாத்த விடல சாமி. ஜுடி ராத்திரியில வந்தா வெளிய நிக்கக் கூடாதுன்னாங்க."

இல்லாத மார்ட்டின் எதற்குக் கதவைத் திறந்து வைக்கப்போகிறான்? யார் அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று ஜுடிக்குப் புரிந்துவிட்டது. "அம்மா!" என்று அலறிக்கொண்டு தரையில் விழுந்தாள். துக்கத்தில் எல்லோரும் கூப்பிடுகிற வார்த்தைதானே. பாதிரியார் சந்தேகப்படவில்லை. இப்படி அழுகிறவள் பொய் சொல்லமாட்டாள் என்று நினைத்திருப்பார். விதவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு குனிந்து அவள் தலையில் கைவைத்தார். "அழாத மகளே. ஞாயித்துக்கெழம அவனுக்காகப் பூசை வைக்கிறேன். பேரு மார்ட்டின்தானே?"

ஜுடி நிமிர்ந்து என் கையிலிருந்த குழந்தையைப் பார்த்தாள்.

"ஆமா சாமி," என்றாள். "மார்ட்டின்."