குளியலறையில் மூன்று விரால்கள்

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக் குளியலறையில் மூன்று விரால் மீன்கள் குடியிருந்தன. அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, விலங்கியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஏரியில் சோப்புத் தண்ணீர் கலந்தால் மீன் தோல் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டுமாம். கல்லூரிக் குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வராததால் மீன்கள் எங்கள் தொட்டிக்கு வந்துவிட்டன. நாங்கள் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு, நுரை தெறித்துவிடாமல் பயந்து பயந்து குளித்தோம். மீனைத் தொடக் கூடாது என்று அத்தை தினமும் சொல்வாள். ஏன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

பௌர்ணமிக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து சிலர் கிரிவலம் வருவதாகவும், அப்படியே அத்தையைப் பெண் பார்ப்பதாகவும் ஏற்பாடாகியிருந்தது. ஆராய்ச்சி முடிந்த பிறகுதான் கல்யாணம் என்று அத்தை சொல்லியிருந்தாள். அப்பாவும் சரியென்றிருந்தார். அம்மாவின் கவலை வேறு.

"வீடு பூரா கவுச்சி. வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

முந்தின நாள் காலையிலிருந்து இதே பாட்டு. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அத்தை கல்லூரிக்குப் போனதும் நானே இறங்கினேன். அம்மா மீன் கழுவுவதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் பிடித்துக் கல் உப்பு போட்டுத் தேய்த்தேன். வழவழப்பு நூல் நூலாகக் கழன்று வந்தது. ஒரு விரால் துள்ளி என் கன்னத்தில் அறைந்தது. இதற்குத்தான் நல்லது செய்யக் கூடாது என்று நினைத்துக்கொண்டே துண்டால் துடைத்துப் புதுத் தண்ணீரில் விட்டேன்.

சாயங்காலம் தொட்டியில் கை விட்டுப் பார்த்த அத்தை, அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தேய்ச்சியா?"

"உப்பு போட்டு சுத்தமா கழுவினேன் அத்தை."

என் கையைப் பிடித்து இழுத்துப்போய், தன் அறையில் வைத்திருந்த நுண்ணோக்கி முன் நிறுத்தினாள். அவள் முன்பு எடுத்து வைத்திருந்த தோல் துணுக்கு. நெருக்கமாக அடுக்கிய செல்களுக்கு நடுவே, கிண்ணம் கிண்ணமாகச் சில தெரிந்தன.

"அந்தக் கிண்ணத்துலேர்ந்துதான் வழவழப்பு வருது. கிருமி அண்டாம காப்பாத்துறதே அதுதான். நம்ம தோல்ல மேலாக்க இருக்கிறது செத்துப்போனது, தேய்ச்சா ஒண்ணும் ஆகாது. மீனுக்கு மேல் தோலே உயிரோட இருக்கு. நீ அதை உரிச்சிட்ட."

வந்தவர்கள் வீடு பளிச்சென்று இருப்பதாகச் சொல்லி, பெண்ணையும் பிடித்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நான்காம் நாள் மீன்களின் மேல் பஞ்சு மாதிரி பூஞ்சை படர்ந்தது. மூன்றும் செத்தன. அப்பா காரணம் கேட்டபோது அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை.

"தண்ணி ஒத்துக்கலண்ணா. முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். ஆறு மாசமாவது ஆகும்."

"அவ்வளவு நாள் அவங்க காத்திருக்க மாட்டாங்கம்மா. மீனும் போயிடுச்சு. விட்டுடு."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. எனக்குப் பட்டுப் பாவாடை எடுத்தார்கள். போயும் போயும் மூன்று மீன் செத்ததற்காக, மணவறையில்கூட ஒருத்தி இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.