சுக்கா அண்ணனுக்குப் பெண் அமைந்த கதை

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் இருந்தேன். மத்தியானம் பிரியாணி தின்ற மனிதன் செய்யத் தகுந்த காரியம் ஒன்றுதான் உண்டு. அதற்குப் பாயும் விரித்தாயிற்று. படுத்ததும் செல்போன் 'டிங்' என்றது. வழக்கமாகச் சாப்பாடு கொண்டுவந்து தரும் கம்பெனிக்காரன் அனுப்பியிருந்தான்: 'உங்களை ரொம்ப மிஸ் பண்றோம்.' பக்கத்தில் ஒரு அழுகிற பொம்மை வேறு. அந்தப் பிரியாணியே அவன் கொண்டுவந்து கொடுத்ததுதான். கை கழுவின ஈரம் காயவில்லை, அதற்குள் பிரிவுத் துயரம். பெற்ற தாய்கூட என்னை இந்த வேகத்தில் தேடியதில்லை.

நிஜமாகவே என்னைத் தேடியவர்கள் சிலர் இருந்தார்கள். கீழவாசல் பக்கம் ஒரு சந்து. இந்த முனையில் கோயிலுக்குப் போகும் வழி, அந்த முனையில் பஸ் நிற்கும் இடம், நடுவில் இரண்டு பக்கமும் சாப்பாட்டுக் கடைகள். சாயங்காலம் கல்லுக்கடியில் அடுப்பைப் பற்றவைத்ததும் ஒவ்வொரு கடை வாசலிலும் ஒருவர் வந்து நிற்பார். அவருக்குச் சம்பளமே போகிற வருகிறவர்களைக் கூப்பிடுவதற்குத்தான். பரோட்டாவுக்கு எண்ணெய் விட்டதும் எழும்புமே ஒரு வாசனை, அதையும் அவர் குரலையும் பிரிக்க முடியாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு போனால் காது மாட்டும். காதைப் பொத்தினால் மூக்கு மாட்டும்.

எனக்கு அப்போது பதினாறு வயது. பதினொன்றாம் வகுப்பு. கணக்குப்பதிவியல் டியூசன் அந்தச் சந்து முனையில் ஒரு மாடியில் நடந்தது. பற்று, வரவு என்று சார் சொல்லச் சொல்ல, கீழே கல்லில் கொத்துப் பரோட்டா 'டங்கு டங்கு' என்று சத்தம் போடும். ஒரு மாணவன் எதைத்தான் கவனிப்பான்? நான் எது தெளிவாகக் கேட்டதோ அதைக் கவனித்தேன். அதன் பலனாக என் படிப்பு அடுத்த வருடமே மங்களமாக முடிந்தது, அதை விடுங்கள்.

என் வீடு ஒத்தக்கடையில். அம்மா நல்லவள், சாம்பாரைத் தவிர வேறு எதற்கும் துரோகம் செய்ததில்லை. அதனால்தானோ என்னவோ, எனக்கு ஊரில் உள்ள அடுப்பெல்லாம் சொந்த அடுப்பாகத் தெரிந்தது. மேலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மெஸ். கல்லூரிப் பையன்கள் வருவதற்குள் போனால்தான் அயிரை மீன் குழம்பு கிடைக்கும். பையன்கள் பார்த்த பிறகு சட்டியில் மீனின் வாசனை மட்டும் நீந்திக்கொண்டிருக்கும். உசிலம்பட்டிச் சந்தை நாளில் மாட்டு வியாபாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து நாட்டுக்கோழிக் குழம்பு தின்றிருக்கிறேன். பக்கத்து இலைக்காரர் என் பல்லைப் பார்த்து விலை சொல்லிவிடுவாரோ என்று ஒரு பயம், அவ்வளவுதான்.

இந்த ஊர்வலத்தில் என்னோடு வந்தவன் குபேந்திரன். டியூசனில் பக்கத்து இடம். அவர்கள் வீட்டில் வேறு பாஷை பேசுவார்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் குஜராத்திலிருந்து வந்தவர்களாம். வந்தவர்கள் புளியோதரையையும் கொண்டுவந்தார்களா, இங்கே வந்து கண்டுபிடித்தார்களா தெரியாது. அவன் அம்மா செய்ததைத் தின்ற பிறகு வேறு எவனாவது புளியோதரை என்றால் எனக்குக் கோபம் வரும். ஆனால் சுத்த சைவ வீடு. வெங்காயமே வாசலில் நின்று யோசித்துத்தான் உள்ளே வரும்.

அந்த வீட்டின் மூத்த பிள்ளை ஜெகதீசன் அண்ணன். மாசி வீதியில் ஜவுளிக்கடையில் வேலை. நெற்றியில் கோடாய்ச் சந்தனம், பேச்சில் பணிவு. தினமும் சாயங்காலம் அம்மாவிடம், "பசங்கள டியூசன்ல விட்டுட்டு, முடிஞ்சதும் கையோட கூட்டிட்டு வாரேன்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். எங்களை மாடிப்படிவரை கொண்டுவந்து, படியைக் கண்ணால் காட்டிவிட்டு, அப்படியே கறிதோசைக் கடைக்குள் கூட்டிப்போய்விடுவார். எங்கள் படிப்பில் டியூசன் சாருக்கே அவ்வளவு அக்கறை இருந்ததில்லை.

அந்தச் சந்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. தின்பதுதான் பெயர். நான் குடல் தம்பி. எதைக் கேட்டாலும் முட்டை சேர்த்துக் கேட்பதால் குபேந்திரன் டபுள் முட்டை. ஜெகதீசன் அண்ணன், அந்தப் பணிவும் சந்தனமுமாக, சுக்கா அண்ணன். சந்துக்குள் கால் வைத்ததும் ஒரு கடை விட்டு ஒரு கடை குரல் ஓடும்: "சுக்கா அண்ணே! வாங்க வாங்க, இப்பத்தான் எறக்குனேன்!" பட்டாபிஷேகத்துக்குப் போகிற ராஜா மாதிரி நடப்பார்.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் அவருக்கு ஒரு பெண் வந்தது. வில்லாபுரத்துப் பெண். இதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்தப் பெண்ணை ஒரு கல்யாண வீட்டில் பார்த்ததிலிருந்து அண்ணன் சுக்காவையே தொடவில்லை. வெறும் தோசையை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதலுக்கு இதைவிட ஆதாரம் கேட்பவன் மனிதனே இல்லை.

ஒரே ஒரு சிக்கல். பெண் வீட்டார் கறி வாடை பட்ட வீட்டில் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார். அண்ணனின் அம்மா, "எம்புள்ள முட்ட போட்ட கேக்கக்கூடத் தொட மாட்டான்" என்று சத்தியம் செய்துவிட்டார். பாவம், உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருந்தார்.

நம் பக்கத்தில் மாப்பிள்ளையைப் பற்றி டீக்கடையில் விசாரிப்பார்கள், வேலை செய்யும் இடத்தில் விசாரிப்பார்கள். சேலை வியாபாரியான பெண்ணின் அப்பா அதற்கும் மேலே போனவர். அவர் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார். பையனோடு அவன் புழங்கும் தெருவில் ஒரு நடை நடப்பார். எவன் சிரிக்கிறான், எவன் ஒளிகிறான் என்று பார்த்தால் பையனின் ஜாதகமே தெரிந்துவிடுமாம். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் சந்திப்பது, பிறகு பஸ் வரைக்கும் நடப்பது என்று ஏற்பாடு.

கோயில் வாசலில் அண்ணன், துணைக்கு வந்திருந்த எங்களை ஓரமாக இழுத்தார்.

"டேய், நம்ம சந்து வழியாத்தான் போகணுங்கிறாருடா!"

"வேற வழியாக் கூட்டிட்டுப் போங்கண்ணே," என்றேன்.

"சொல்லிப் பாத்துட்டேன். குறுக்கு வழி இருக்கயில சுத்திப் போறவன நம்பக் கூடாதுங்கிறாரு. டேய், ஒரு ஆளு 'சுக்கா அண்ணே'ன்னு கூப்பிட்டான்னா என் கல்யாணம் இதோட சரி. ஓடுடா!"

ஓடினேன். முதல் கடை வாசலில் நின்றவரிடம் மூச்சிரைக்கச் சொன்னேன்: "அண்ணே, இப்ப சுக்கா அண்ணே வருவாரு. கூப்பிட்றாதீங்க."

"ஏன், கோவிச்சுக்கிட்டாரா? உப்பு கூடிருச்சா?"

"பொண்ணு வீட்டுக்காரரோட வாராருண்ணே. அவுக சைவம்."

"அம்புட்டுத்தான? சைவமாக் கூப்பிடுறேன். நெய் தோசை இருக்குங்கிறேன்."

"எதுவுமே சொல்லாதீங்கண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

ஒவ்வொரு கடையாகச் சொல்லிக்கொண்டே போனேன். கடைசிக் கடையை மட்டும் விட்டுவிட்டேன். அது ஒரு பாய் நடத்தும் எலும்புச் சாப்பாட்டுக் கடை. நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சத் தெரிந்த பெரிய ஆட்கள் மட்டும் உட்காரும் இடம். நாங்கள் உள்ளே போனதில்லை, அண்ணனும் போனதில்லை. அங்கே எங்களை எவனுக்குத் தெரியும்?

அவர்கள் சந்துக்குள் நுழைந்தார்கள். அண்ணன், பக்கத்தில் தும்பைப்பூ வேட்டியில் பெண்ணின் அப்பா, பின்னால் குபேந்திரன். நானும் திரும்பிவந்து அவனோடு சேர்ந்துகொண்டேன். நம் ஊர்க்காரர்களிடம் ஒரு உதவி கேட்டால் கேட்டதற்கு மேல் செய்துவிடுவார்கள். முதல் கடைக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி, அங்கே இல்லாத காலண்டரைப் படித்தார். இரண்டாம் கடைக்காரர் குனிந்து செருப்பைத் தேடினார். செருப்பு காலில்தான் இருந்தது. கொத்து மாஸ்டர் இரண்டு தகடுகளையும் தூக்கிப் பிடித்தபடி சிலையாகிவிட்டார். சாமி ஊர்வலத்துக்குக்கூட நிற்காத சத்தம் அது. சந்தே எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது.

பெண்ணின் அப்பா நின்றார். "என்ன தம்பி, டெய்லி நடக்குற தெருன்னீங்க. ஒருத்தரும் ஒங்களப் பாத்துத் தலையக்கூட ஆட்ட மாட்டேங்குறாங்க? எல்லாருக்கும் ஒங்க மேல பகையா?"

அண்ணனுக்கு வாய் குழறியது. "இல்லீங்க... எல்லாம் வேல மும்முரம்..."

"வேலயா? அந்தாளு சும்மா வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு?"

குபேந்திரன் என் இடுப்பில் குத்தினான். "போச்சு மாப்ள. ஒன்னால எங்கண்ணே கடைசிவரைக்கும் ஒண்டிக்கட்ட."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சந்தின் முடிவு தெரிந்தது. பெண்ணின் அப்பா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வேகமாக நடந்தார். அண்ணன் பின்னாலேயே, தோற்ற கட்சிக்காரன் மாதிரி. அப்போது கடைசிக் கடை வாசலிலிருந்து பாய் கையை விரித்துக்கொண்டு இறங்கினார்.

"நல்லி மாமா! வாங்க வாங்க! ஆளயே காணோம்? ஒங்களுக்குன்னு எடுத்து வச்சு வச்சு அந்த எலும்பே எளச்சுப் போச்சு!"

அண்ணன் திரும்பிப் பின்னால் பார்த்தார். குபேந்திரனும் நானும் திரும்பினோம். எங்களுக்குப் பின்னால் ஒரு மாடு மட்டும் நின்றது. பாய் நேராக வந்து பெண்ணின் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவரு... எங்கிட்ட சேல எடுக்குறவரு," என்றார் பெண்ணின் அப்பா, மின்கம்பத்தைப் பார்த்து.

"சேலயா? அது எப்ப மாமா?" என்றார் பாய், கள்ளமில்லாமல். "இது யாரு, மருமகனா? மாஷா அல்லா! ரெண்டு பேரும் உள்ள வாங்க."

அப்புறம் பெண்ணின் அப்பா மெதுவாகச் சொன்னார்: "வீட்டுல தெரியாது தம்பி. வெள்ளிக்கிழம பாய் கடை சாத்தியிருக்கும்னு நெனச்சுட்டேன்."

"எங்க வீட்டுலயும் தெரியாது மாமா." அண்ணன் அவரை மாமா என்று கூப்பிட்டது அப்போதுதான். "அப்ப எதுக்கு மாமா சைவப் பையந்தான் வேணும்னீங்க?"

"அது எங்க வீட்டம்மா போட்ட கண்டிசன். நான் தரகர்ட்ட சொல்ல மட்டுந்தான் செஞ்சேன்."

இரண்டு பேரும் படியேறினார்கள். நாங்களும் பின்னாலேயே காலை வைத்தோம். அண்ணன் திரும்பினார். "நீங்க எங்கடா வர்றீங்க? போய்ப் படிங்க. பரீச்ச வருதுல்ல?"

எந்தப் பரீட்சையும் வரவில்லை. கல்யாணம்தான் வந்தது. இலையில் புளியோதரை, ஏழெட்டுக் காய்கறி. மாப்பிள்ளையின் ஒழுக்கத்தைச் சம்பந்தியம்மா வாய் ஓயாமல் புகழ்ந்தார். மாமனார் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமனாரும் மருமகனும் 'கோயிலுக்கு'ப் போகத் தொடங்கினார்கள். எங்கள் டியூசன் அதோடு முடிந்தது. ஒரு மனிதனின் வாழ்க்கையைக் காப்பாற்ற ஓடியதற்கு எனக்குக் கிடைத்த சன்மானம் அம்மாவின் சாம்பார்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். சந்தை அகலமாக்கிவிட்டார்கள். பாய் கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட செல்போன் கடை. மிச்சமிருக்கிற இரண்டு கடைகளிலும் வாசலில் ஆள் இல்லை. கம்பெனிச் சட்டை போட்ட பையன்கள் பொட்டலத்துக்காக வண்டியில் சாய்ந்து நிற்கிறார்கள். கூப்பிடுவதற்கே சம்பளம் வாங்கியவர்கள் எங்கே போனார்களோ. கறிதோசை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தேன். என்னைக் குடல் தம்பி என்று கூப்பிட ஊரில் ஒருத்தர்கூட இல்லை. இது துக்கமா, கௌரவமா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

எழுதி முடித்துக் குபேந்திரனுக்கு அனுப்பினேன். அவன் இப்போது பெங்களூரில் இருக்கிறான். கூடவே ஒரு கேள்வியும் கேட்டேன்: 'கடையெல்லாம் போயிருச்சே, ஒங்க அண்ணனும் மாமனாரும் இன்னமும் ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போறாங்களா?'

பதில் வந்தது: 'இப்ப அண்ணியும் கூடப் போகுது மாப்ள.'