ஞானசிங் ஹிட்ஸில் இல்லாத பாட்டு

என் வீட்டுக்காரர் ஞானசிங் பிழைப்புக்கு வெல்டர், வம்புக்குப் பாட்டுக்காரர். துபாய்ப் பக்கத்துப் புஜைராவில் லேபர் கேம்பில் இருந்தபோது ஆரம்பித்தது அந்த வம்பு. அப்போது ஊருக்குக் கடிதம் எழுதச் சோம்பல்பட்டவர்கள் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். பேச்சு தீர்ந்துவிடும், டேப் தீராது. மிச்சத்தை வெறுமையாக அனுப்ப யாருக்கு மனசு வரும்? "அண்ணே, ரெண்டு பாட்டு போட்டு விடுங்க" என்று இவரிடம் வந்து நிற்பார்கள். இவரும் பால்பவுடர் டின்னைத் தட்டிக்கொண்டு, சொந்தமாகக் கட்டிப் பாடுவார். அதில் ஒன்றுதான் ஏசிப் பாட்டு.

"ஏசிப் பெட்டி செவுத்துல, காத்து எங்க போச்சுல?
கேட்ட பய எல்லாரும் பிளேன் ஏறிப் போனாம்ல!"

இதைப் போய் யாருடைய கேசட்டில் பாடினார் தெரியுமா? நம்ம ஊர்ப் பக்கத்து நாசரேத்துக்காரன் ஒருவனுடையதில். அவன் பெண்டாட்டி கேம்ப் மேனேஜருக்குச் சித்தி மகள்! கேசட் போன வேகத்தில் சேதி திரும்பி வந்தது. விசா கேன்சல், கலாஸ், எல்லாம் முடிந்தது. ஊரில் உட்கார்ந்து ஒரு வருஷம் குடித்தார். நான் அஜ்மானில் நர்ஸ் வேலை பார்த்துக் குடும்பத்தை இழுத்தேன். மறுபடி விசா வாங்கி வந்தார், பாடினார், மறுபடி கேன்சல். ஒவ்வொரு மேனேஜரும் அது தன்னைத்தான் சொல்கிறது என்று குதித்தால் இவர் என்ன செய்வார்? எல்லா கேம்பிலும் ஏசி ஓடாதது பாட்டின் குற்றமா?

2006இல், அஜ்மானில் கேசட் கடை வைத்திருந்த சோலைமுத்து அந்தப் பழைய கேசட்டுகளைத் தேடிப்பிடித்து 'ஞானசிங் ஹிட்ஸ்' என்று சிடி போட்டார். பாட்டுக்கு நடுவே "அம்மைக்கு மருந்து வாங்கிக் குடு" என்று யாரோ சொல்வதுகூட அப்படியே இருக்கும். ஏசிப் பாட்டு மட்டும் இல்லை. ஏனென்றால், வெளியீட்டு விழாவுக்கு ஹால் பிடித்துக் கொடுத்தது இவருடைய மூன்றாவது கம்பெனி. மேனேஜர் ரகுநாதன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"அந்தப் பாட்டு மேடையில வந்துச்சுன்னா அடுத்த நாளே கேன்சல். அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதீங்க."

மகள் சுபிஷா அப்பாவோடு ஒரே வீட்டில் இருக்கத் தொடங்கியதே அந்த வருஷம்தான். "வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க. பிள்ளைக்காகவாவது இருங்க" என்று கெஞ்சினேன். தலையாட்டினார்.

விழாவில் நிற்க இடமில்லை. சிடியில் இருந்ததையெல்லாம் பாடி முடித்தார். உடனே பின்னாலிருந்து, "ஏசிப் பாட்டு! ஏசிப் பாட்டு!" என்று கத்தல். முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்த ரகுநாதன் ஒரு விரலை ஆட்டி, "மாஃபி, மாஃபி, அதெல்லாம் கிடையாது" என்றார். என் மனுஷன் மைக்கைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றார். இரண்டு தடவை வேலை போனபோதுகூட அவர் குனிந்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுந்தேன். "ஏசிப் பெட்டி செவுத்துல..." என்று நானே எடுத்தேன். சுருதியாவது, தாளமாவது! வார்டில் நோயாளியை அதட்டும் அதே குரல். அடுத்த வரியை மொத்த ஹாலும் பிடித்துக்கொண்டது. சுபிஷா நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினாள். அவர் நிமிர்ந்து, மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

சொன்னபடியே கேன்சல் பண்ணினார்கள். பண்ணட்டுமே! அந்த ஊர்ச் சட்டப்படி நர்ஸ் தன் புருஷனுக்கு விசா எடுக்கலாம். "பெண்டாட்டி விசாவில் இருப்பதா?" என்று அத்தனை வருஷம் முறுக்கிக்கொண்டு திரிந்தவரிடம் நான் கேட்கவே இல்லை, எடுத்துவிட்டேன். இனி ஞானசிங்கைக் கேன்சல் பண்ணுவதென்றால் நான்தான் பண்ண வேண்டும். எங்கே, பாடட்டும்!